ஸ்ட்ரோக் பேஷண்ட்டுக்கு யூரின் கன்ட்ரோல் இல்லையா? உடனே டியூப் கேக்காதீங்க

எல்லாருக்கும் வணக்கம். நைட் ட்யூட்டி முடிச்சு நேரா வந்து உக்காந்துட்டேன், குரல் கரகரன்னு இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஸ்ட்ரோக் வார்டுல கூட இருக்கவங்க எங்களை ஓரமா கூப்பிட்டுக் கேக்குறது இதுதான்: "சிஸ்டர், அப்பா பெட்லயே போயிடறார், டியூப் போட்டு விட்டுடுங்களேன்." யூரின் தானா வெளிய பைக்கு வர்றதுக்கு உள்ள விடுற டியூபைத்தான் சொல்றாங்க.

ஸ்ட்ரோக்னு அட்மிட் ஆகுறவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கு. பல பேருக்கு நாள் போகப் போக சரியாயிடும். அவரைத் திட்டாதீங்க, ப்ளீஸ்.

யூரின் உள்ளயே தேங்குது, நினைவில்லாம இருக்கார்னா டியூப் வேணும்தான். நமக்கு வேலை மிச்சம்னு போட்டா, அது உள்ள இருக்க இருக்க இன்ஃபெக்ஷன் வர வாய்ப்பு கூடிக்கிட்டே போகும். போட்டிருந்தா, ரவுண்ட்ஸ் வர்ற டாக்டர்கிட்ட "எப்ப எடுப்பீங்க"ன்னு தினம் கேளுங்க.

"இப்ப வேணாம், இரு"ன்னு ப்ளாடரை, அதாவது யூரின் சேருற பையை, அடக்குறது மூளை. அங்க அடிபட்டா, வந்த வேகத்துல போயிடும். ஆனா சில பேருக்கு ப்ளாடர் நல்லாத்தான் இருக்கும், சொல்ல வாய் வராது. போர்வையைப் பிடிச்சு இழுப்பார், நல்லா இருக்கிற காலை உதைப்பார். நாம "சும்மா படுங்கப்பா"ன்னு கையை அமுக்கி வைப்போம். கொஞ்ச நேரத்துல பெட் நனைஞ்சிருக்கும்.

அதனால முழிச்சிருக்கிற நேரம் ரெண்டு மணிக்கு ஒரு தடவை நீங்களே கேளுங்க. வாயால மட்டும் இல்ல, யூரின் கேனைத் தூக்கிக் காட்டிக் கேளுங்க. எப்ப போனார், எப்ப நனைஞ்சதுன்னு ஒரு நோட்டுல குறிச்சு வைங்க, அவரோட நேரம் உங்களுக்கே பிடிபட்டுடும். கேனை வேலை செய்யுற கை பக்கம் மாட்டுங்க. நாடா வச்ச பைஜாமா வேணாம், ஒத்தக் கையால எப்படி அவுப்பார்? லுங்கி போதும். உக்கார வைக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டா, அம்மாக்களுக்குப் பெட் பேனை விட கமோடு சேர் நல்லது, முழுசா காலியாகும்.

தண்ணியை மட்டும் நிறுத்திடாதீங்க! யூரின் கெட்டியாகி எரிச்சல்ல இன்னும் அவசரமா வரும், மலச்சிக்கலும் சேந்துக்கும். சாயங்காலத்துக்கு மேல டீ காபியைக் குறைங்க, அது நியாயம். டயப்பர் கட்டினா ஈரத்தோட விடாதீங்க, முதுகுக்குக் கீழ தோல் உரிஞ்சு புண்ணாயிடும்.

டியூப் எடுத்த அப்புறம் சொட்டுச் சொட்டா வருதுன்னா, "போகுதே"ன்னு சும்மா இருக்காதீங்க. உள்ள நிரம்பி வழியுறதாவும் இருக்கலாம். அடிவயிறு உப்பி இருக்கான்னு தொட்டுப் பாருங்க, சந்தேகம்னா உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க. ஸ்கேன் வச்சா எவ்வளவு தேங்கியிருக்குன்னு தெரிஞ்சிடும்.