பேரிங் ஏன் போனது?

வணக்கம் நேயர்களே. பம்ப், ஃபேன், புளோயர், கம்ப்ரசர் என்று சுழலும் இயந்திரங்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் பராமரிப்புப் பிரிவு நண்பர்களுக்காக இன்று பேசுகிறேன். தாளும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். நடுநடுவே சில எண்கள் வரும்.

"பேரிங் போயிடுச்சு, மாத்தியாச்சு." ஷிஃப்ட் பதிவேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் வரி இது. இதில் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. சுழலும் தண்டை, அதாவது ஷாஃப்டை, தாங்கும் பேரிங் தன்னால் போவது அபூர்வம். ஏதோ ஒன்று அதன்மேல் கூடுதல் சுமையை ஏற்றியிருக்கும், கிரீஸ் கெட்டிருக்கும், இல்லையென்றால் தூசியோ தண்ணீரோ உள்ளே புகுந்திருக்கும். பால் பேரிங்கில் (உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே குண்டுகள் உருளும் வகை) சுமை இரண்டு மடங்கானால் கணக்குப்படி ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அந்தச் சுமை எங்கிருந்து வந்தது என்று தேடாமல் புதுசு போட்டால், அதற்கும் அதே கதிதான்.

இன்னொரு பழக்கம், நன்றாக ஓடும் இயந்திரத்தைத் தேதி வந்துவிட்டது என்பதற்காகவே பிரிப்பது. 1978இல் நோலன், ஹீப் என்ற இரு பொறியாளர்கள் விமானப் பாகங்களின் பழுதுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். வயது ஏற ஏறப் பழுது கூடும் போக்கு 11 சதவீதப் பாகங்களில்தான் தெரிந்தது. 68 சதவீதப் பாகங்கள் பொருத்திய புதிதில்தான் அதிகம் பழுதாயின. விமானத்தின் எண்களைப் பம்புக்கு அப்படியே போட முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை பிரித்துச் சேர்க்கும்போதும் நாமே ஒரு பழுதை உள்ளே வைக்கும் வாய்ப்பு உண்டு என்பது பம்புக்கும் பொருந்தும். அதனால்தான் ஓட்டத்திலேயே அளந்து பார்க்கச் சொல்கிறோம்.

ஒவ்வொரு பேரிங்கிலும் கிடைமட்டம், செங்குத்து, ஷாஃப்டின் நீளவாக்கு என மூன்று திசைகளில் அதிர்வை எடுங்கள். எடுக்கும் இடத்தில் அடையாளம் வையுங்கள்; அடுத்த முறையும் அதே புள்ளி, அதே வேகம், முடிந்தவரை அதே லோடு. சென்சார் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். கையால் அழுத்திப் பிடிக்கும் புரோபில் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் வரும் அளவை நம்பாதீர்கள். பேரிங்கின் தொடக்கக் கோளாறுகள் அதற்கு மேல்தான் தெரியும் என்பதால், சென்சாரை ஒட்டவைக்கக் குறைந்தது காந்தம் வேண்டும். ஸ்டட் என்ற மரையாணி போட்டு முடுக்கினால் இன்னும் நல்லது.

15 முதல் 300 கிலோவாட் வரை, உறுதியான அஸ்திவாரத்தில் நிற்கும் இயந்திரத்துக்கு ஐ.எஸ்.ஓ. 10816 என்ற சர்வதேசத் தரநிலையின் 3ஆம் பகுதி (2022இல் ஐ.எஸ்.ஓ. 20816-3 அதன் இடத்துக்கு வந்தது) தந்த எல்லைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆர்.எம்.எஸ். வேகம், அதாவது அதிர்வு வேகத்தின் ஒருவகைச் சராசரி, வினாடிக்கு 1.4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புது இயந்திரத்தின் நிலை. 2.8 வரை கவலையின்றி ஓட்டலாம். 4.5ஐத் தாண்டினால் சேதம் வரும். ஆனால் எல்லையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மாதக்கணக்கில் 1.1இல் இருந்த பம்ப் 2.3 காட்டினால், எல்லைக்குள் இருந்தாலும் உள்ளே ஏதோ மாறியிருக்கிறது.

மாறியது எது? 1480 ஆர்.பி.எம். மோட்டாரின் சுழற்சி அதிர்வெண் 24.7 ஹெர்ட்ஸ். அதிர்வு அந்த அதிர்வெண்ணில் உயர்ந்தவுடன் "அன்பேலன்ஸ்" (சுழலும் பாகத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருப்பது) என்று எழுதி, சரிக்கட்ட எடை வைக்கக் கிளம்பிவிடுகிறார்கள். ஷாஃப்ட் வளைந்திருந்தாலும், அலைன்மென்ட் (இணைந்த இரு ஷாஃப்டுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பது) தவறியிருந்தாலும், ரெசனன்ஸ் (இயந்திரத்தின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப்போய் அதிர்வு பெருகுவது) இருந்தாலும் அங்கேதான் உயரும். ஃபேஸ் பாருங்கள், அதாவது ஓர் அதிர்வு மற்றதைவிட எத்தனை டிகிரி முன்பின்னாக வருகிறது என்று. ஒரே பேரிங்கில் கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் ஏறத்தாழ 90 டிகிரி வித்தியாசம் இருந்தால் அன்பேலன்ஸுக்கு நல்ல ஆதாரம். கப்ளிங்கின் (இரு ஷாஃப்டுகளை இணைக்கும் பாகத்தின்) இரு பக்கமும் நீளவாக்கில் 180 டிகிரி எதிரெதிராக ஆடினால் அலைன்மென்ட் தவறு. ஃபேனாக இருந்தால், எடை வைக்கும் முன் பிளேடில் ஒட்டிய தூசியைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

இரண்டு போல் (காந்தத் துருவம்) கொண்ட மோட்டாரில் ஒரு குழப்பம் வரும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மின்கோளாறு 100 ஹெர்ட்ஸில் தெரியும். சுழற்சியின் இரு மடங்கும் 99க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அளந்துகொண்டிருக்கும்போதே சுவிட்சை அணையுங்கள். அதிர்வு அந்த நொடியே மறைந்தால் அது மின்சாரம் சார்ந்தது. வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் இயந்திரம் சார்ந்தது.

அலைன்மென்டைத் தொடும் முன் கால்களைப் பாருங்கள். மோட்டாரின் கால் பக்கத்தில் டயல் கேஜ் வைத்து, மற்ற போல்ட்டுகள் இறுக்கமாக இருக்க ஒன்றை மட்டும் தளர்த்துங்கள். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அந்தக் கால் தரையில் சரியாக உட்காரவில்லை, ஷிம் (மெல்லிய தகடு) வேண்டும். இதை விட்டுவிட்டு லேசர் வைத்து எவ்வளவு துல்லியமாக அலைன் செய்தாலும், போல்ட்டை இறுக்கியதும் மோட்டாரின் உடல் முறுக்கிக்கொள்ளும். வெப்ப விரிவையும் கணக்கில் எடுங்கள். எஃகு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, 0.012 மில்லிமீட்டர் விரியும். ஷாஃப்ட் மையம் அரை மீட்டர் உயரத்தில் இருந்து, தாங்கும் கால்கள் 50 டிகிரி சூடேறினால் மையம் 0.3 மில்லிமீட்டர் மேலே போய்விடும். குளிர்ந்த நிலையில் அந்த அளவு வித்தியாசம் விட்டே வைக்க வேண்டும்.

பேரிங்கின் அடையாளம் முழு மடங்குகளில் வராது. பொதுவாக 9 குண்டுகளோடு வரும் 6205 பேரிங்கில் வெளி வளையக் கோளாறு சுழற்சியைப் போல 3.58 மடங்கிலும், உள் வளையக் கோளாறு 5.42 மடங்கிலும் தெரியும். 1480இல் ஓடினால் இவை 88, 134 ஹெர்ட்ஸ். தொடக்கத்தில் என்வலப் அளவீட்டில்தான் (உயர் அதிர்வெண் அடிகள் எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று காட்டும் முறை) இது சிக்கும். மொத்த அதிர்வு வேகம் ஏறும்போது பேரிங் பெரும்பாலும் முற்றிப்போயிருக்கும்.

கிரீஸ் விஷயத்தில் கை தாராளம் ஆகாது. பேரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005ஆல் பெருக்கினால் மறுமுறை இடவேண்டிய கிராம் கிடைக்கும். 6309 பேரிங்குக்கு விட்டம் 100, அகலம் 25, ஆக 12.5 கிராம். உங்கள் கிரீஸ் கன் ஒரு அழுத்தத்துக்கு எத்தனை கிராம் தள்ளுகிறது என்று தராசில் வைத்துப் பாருங்கள். கன்னுக்குக் கன் மாறும். அதிகமானால் குண்டுகள் கிரீஸைக் கடைந்து சூடேற்றும். 70 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும்.

கழற்றிய பேரிங்கைத் தயவுசெய்து ஸ்கிராப்பில் எறியாதீர்கள். அறுத்து, துடைத்து, குண்டு ஓடிய தடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சாதாரணமாக, வெளி வளையத்தில் சுமை விழும் பக்கம் மட்டும் பாதிச் சுற்றுக்கும் குறைவாகத் தடம் இருக்கும். உள் வளையத்தில் சுற்று முழுக்க இருக்கும். இது தலைகீழாகி, வெளி வளையம் முழுக்கவும் உள் வளையத்தில் ஒரு பக்கம் மட்டும் தடம் இருந்தால், சுமையே ஷாஃப்டோடு சேர்ந்து சுழன்றிருக்கிறது: பெரிய அன்பேலன்ஸ். வெளி வளையத்தில் எதிரெதிரே இரண்டு இடங்களில் தடம் இருந்தால் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) வட்டமாக இல்லை. தடம் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ந்து போனால் பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நெருக்கமான குறுக்குக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால், அநேகமாக வி.எஃப்.டி.யிலிருந்து (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஷாஃப்ட் வழியே மின்சாரம் பாய்ந்திருக்கிறது. எர்த்திங் பிரஷோ (ஷாஃப்டின் மின்சாரத்தைத் தரைக்கு அனுப்புவது) இன்சுலேட்டட் (மின்சாரம் கடக்காத) பேரிங்கோ போடாமல் அந்த மோட்டாரை மூடாதீர்கள்.

குண்டுகளின் இடைவெளியிலேயே பள்ளங்கள் இருந்தால் இரண்டு சந்தேகங்கள். ஒன்று, ஓடாமல் நின்ற ஸ்டாண்ட்பை இயந்திரம் பக்கத்து இயந்திரத்தின் அதிர்வை வாங்கியிருக்கும். அப்படி நிற்பவற்றின் ஷாஃப்டை வாரம் ஒருமுறை கையால் சுற்றி, வேறு கோணத்தில் நிறுத்துங்கள். மற்றொன்று, பொருத்தும்போது சுத்தியல் அடி. ஷாஃப்டில் ஏற்றும்போது அழுத்தம் உள் வளையத்தில் மட்டும் விழ வேண்டும். வெளி வளையத்தில் தட்டினால் அந்த அடி குண்டுகள் வழியாகத்தான் போகும். இண்டக்‌ஷன் ஹீட்டரில் 110 டிகிரி வரை சூடாக்கினால் தட்ட வேண்டிய தேவையே இருக்காது. இறக்கும் முன் ஹீட்டர் காந்தத்தை நீக்கும் சுற்றை முடித்துவிட்டதா என்று பாருங்கள், காந்தம் தங்கிய பேரிங் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும். நன்றி, வணக்கம்.