கரன்: தோற்கப்போகிற வழக்குகளின் வழக்கறிஞர்

[திரையில்: அயர்லாந்து வரைபடம், தெற்கே கார்க் மாவட்டம்]

1780-ஆம் ஆண்டு, கார்க் நீதிமன்றம். டோனரேல் பிரபு தன்னைக் குதிரைச் சவுக்கால் அடித்தார் என்று நீல் என்ற முதிய கத்தோலிக்கப் பாதிரியார் வழக்குத் தொடுக்கிறார். பிரபுவின் ஆசைநாயகியின் சகோதரனைத் திருச்சபை விலக்கி வைத்திருந்தது. அதை நீக்கப் பாதிரியார் மறுத்தார். அதற்குத்தான் அந்த அடி.

அன்றைய சட்டப்படி அயர்லாந்தின் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை இல்லை, நாடாளுமன்றத்தில் இடமில்லை, வழக்கறிஞர் தொழிலும் கிடையாது. ஜூரியில் இருந்தவர்கள் அனைவரும் புராட்டஸ்டன்டினர். பிரபுவைப் பகைத்துக்கொண்டு யார் வாதாடுவார்? தாமாக முன்வந்தவர் ஜான் பில்பாட் கரன். அவரும் புராட்டஸ்டன்டினர்தான். ஜூரி பாதிரியாருக்கு 30 கினி இழப்பீடு வழங்கியது. வாதத்தின்போது கரன் சாடிய செயின்ட் லெஜர் என்ற கேப்டன் அவரைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். கேப்டன் சுட்ட குண்டு தவறியது. கரன் திருப்பிச் சுடவே இல்லை.

[திரையில்: கரனின் உருவப்படம்]

இந்தக் கரன் 1750-இல் நியூமார்க்கெட் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளமையில் கடுமையாகத் திக்குவார். லண்டனில் சட்டம் படித்தபோது, விவாத மன்றமொன்றில் எழுந்து நின்றவருக்கு வாயே திறக்கவில்லை. பிறகு கண்ணாடி முன் நின்று ஷேக்ஸ்பியரை உரக்கப் படித்துப் படித்துத் தம் நாவைப் பழக்கினார்.

1783-இல் கில்பெகன் தொகுதியின் உறுப்பினராக டப்ளின் நாடாளுமன்றத்துக்குப் போனார். கத்தோலிக்கரின் உரிமைக்காகவும் சீர்திருத்தத்துக்காகவும் பேசினார். ஃபிட்ஸ்கிப்பன் என்ற அரசுத் தரப்புத் தலைவரோடு 1785-இல் துப்பாக்கிச் சண்டை வரை போனது பகை. அதே ஃபிட்ஸ்கிப்பன் 1789-இல் லார்டு சான்சலர், அதாவது சான்சரி நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி, ஆனதும், அந்த நீதிமன்றத்தில் கரனின் தொழில் படுத்துவிட்டது. வருமானம் போனாலும் கரன் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

[திரையில்: 1798, கிளர்ச்சி]

அவருடைய பெரிய காலம் 1798. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஐக்கிய அயர்லாந்தினர் என்ற அமைப்பு நடத்திய எழுச்சி நசுக்கப்பட்டு, ராஜத் துரோக வழக்குகள் வரிசையாக வந்தன. அன்று இங்கிலாந்தில் இந்தக் குற்றத்தை நிரூபிக்க இரண்டு சாட்சிகள் வேண்டும். அயர்லாந்தில் ஒருவர் போதும். அந்த ஒருவர் அரசிடம் காசு வாங்கிய ஒற்றராகவும் இருக்கலாம்! ஷியர்ஸ் சகோதரர்கள் வழக்கில், நள்ளிரவாகியும் விசாரணையை ஒத்திவைக்க நீதிமன்றம் மறுத்தது. களைத்துப்போன நிலையில்தான் கரன் தம் வாதத்தைத் தொடங்கினார். சகோதரர்கள் இருவரும் ஜூலை 14 அன்று தூக்கிலிடப்பட்டார்கள்.

நவம்பரில் ஐக்கிய அயர்லாந்தினரின் தலைவர்களில் ஒருவரான வுல்ஃப் டோனுக்கு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. கரன் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார். டோன் மன்னரின் படையில் பதவி வகித்தவர் அல்ல, சிவில் நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருக்கும்போது ராணுவம் அவரை விசாரிக்க முடியாது என்றார். நீதிபதி கில்வார்டன் உடனே ஆட்கொணர்வு ஆணை பிறப்பித்தார். ராணுவம் அடிபணிய மறுத்தது. அதற்குள் டோன் சிறையில் தம் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் இறந்தார். உயிர் காக்கப்படவில்லை, உண்மைதான். ஆனாலும் ராணுவம் சட்டத்துக்கு மேலானதல்ல என்று நீதிமன்றத்தையே சொல்லவைத்தார். என் பார்வையில் கரனின் தலைசிறந்த வாதம் இதுதான்.

1803-இல் அவர் தவறினார். அந்த ஆண்டு டப்ளினில் கிளர்ச்சி நடத்தித் தூக்கிலிடப்பட்ட ராபர்ட் எம்மெட், கரனின் மகள் சாராவைக் காதலித்தவர். கடிதங்கள் பிடிபட்டு வீடு சோதனையிடப்பட்டதும், கரன் எம்மெட்டுக்காக வாதாட மறுத்தார். மகளை வீட்டைவிட்டே போகச் செய்தார். அத்தனை பேருக்காக நின்றவர் மகளுக்காக நிற்கவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

எம்மெட்டுக்காக வாதாடியவர் லெனார்ட் மெக்நாலி. பல ராஜத் துரோக வழக்குகளில் கரனுக்குத் தோள் கொடுத்த நண்பர். கரன் 1806-இல் மாஸ்டர் ஆஃப் தி ரோல்ஸ் என்ற நீதிப் பதவி ஏற்று, 1817-இல் லண்டனில் இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து மெக்நாலியும் இறந்தார். அவர் வாங்கிவந்த ரகசிய ஓய்வூதியத்தைத் தொடர்ந்து தரும்படி அவருடைய வாரிசு கேட்டபோதுதான் விஷயம் வெளியானது. கட்சிக்காரர்களின் ரகசியங்களை மெக்நாலி ஆண்டுக்கணக்கில் அரசுக்கு விற்றுவந்திருந்தார்.