தன் மக்களிடம் உண்மை சொன்னவர்கள்: செக் வரலாற்றாளர்கள் பற்றி

(வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

1975ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் உலக வரலாற்றாளர்கள் மாநாடு கூடியது. அங்கே வந்தவர்களுக்காக ஒரு சிறு வெளியீடு தயாராகியிருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் வேலை பறிக்கப்பட்டு, எழுதவும் கற்பிக்கவும் தடுக்கப்பட்ட வரலாற்றாளர்களின் பட்டியல் அது. மொத்தம் 145 பெயர்கள். ஒன்றரைக் கோடி மக்கள்கூட இல்லாத நாடு அது. அங்கே போர் எதுவும் நடக்கவில்லை, பஞ்சமும் இல்லை. அப்படி ஒரு நாட்டில் நூற்று நாற்பத்தைந்து வரலாற்றாளர்களை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்? பழைய ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களைக் கண்டு ஓர் அரசு ஏன் அஞ்ச வேண்டும்?

இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். விடை, சோவியத் தலைமையிலான படைகள் அந்நாட்டுக்குள் புகுந்த 1968இல் தொடங்குவதில்லை. இன்னும் எண்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

செக் மக்கள் அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தார்கள். படித்தவர் பேச்சும் அலுவலக மொழியும் ஜெர்மன். ஜெர்மானியருக்குப் பழைய காவியம் இருக்கிறது, நமக்கு இல்லையே என்ற ஏக்கம் செக் அறிஞர்களுக்கு இருந்தது. 1817இல் வாட்ஸ்லாவ் ஹன்கா என்பவர் ஒரு தேவாலயத்தில் பழஞ்சுவடி ஒன்றைக் கண்டெடுத்ததாக அறிவித்தார். அடுத்து இன்னொரு சுவடியும் வெளிப்பட்டது, முதலாவதைவிடப் பல நூற்றாண்டு பழையது என்ற பெயரோடு. ஊரே கொண்டாடியது. ஓவியர்கள் அந்தக் கதைகளை வரைந்தார்கள், சிற்பிகள் செதுக்கினார்கள். ஸ்மெத்தனா இசையமைத்த 'லிபூஷே' இசைநாடகத்திலேயே அதன் சாயல் உண்டு. 1881இல் பிராகில் தேசிய நாடக அரங்கைத் திறந்தபோது அரங்கேறிய இசைநாடகம் அது.

1886இல் மூன்று பேர் எழுந்து, இவை போலிகள் என்றார்கள். மொழியறிஞர் யான் கெபாவர் இலக்கணத்தை வைத்துக் காட்டினார். வரலாற்றாளர் யாரொஸ்லாவ் கோல் காலப்பிழைகளை எடுத்துவைத்தார். தான் நடத்திய இதழில் இடம் கொடுத்து விவாதத்தை முன்னின்று நடத்தியவர் தோமாஷ் மசாரிக் என்ற இளம் பேராசிரியர். பத்திரிகைகள் அவர்களைத் துரோகிகள் என்று வசைபாடின. ஜெர்மானியர் கையில் ஆயுதம் கொடுக்கிறார்கள் என்றன. பொய்யின் மேல் கட்டிய பெருமை நமக்கு வேண்டாம் என்பதே மசாரிக்கின் நிலை. அந்தத் 'துரோகி'யே 1918இல் செக்கோஸ்லோவாக்கியக் குடியரசின் முதல் தலைவரானார்.

இருபதாம் நூற்றாண்டுச் செக் வரலாற்றியல் இந்தச் சண்டையில் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். கோல் பிராகில் நடத்திய ஆய்வு வகுப்பிலிருந்து ஒரு தலைமுறையே வெளிவந்தது. அவர்களுள் தலையாயவர் யோசெஃப் பெகார்ஷ். 1870இல் துர்னோவ் பக்கத்துக் கிராமத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர்.

பெகார்ஷ் யாரோடு மோதினார் தெரியுமா? அந்த மசாரிக்கோடுதான். செக் வரலாற்றுக்கு ஒரு பொருள் உண்டு என்றார் மசாரிக். 1415இல் கான்ஸ்டன்ஸ் நகரில் எரிக்கப்பட்ட சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ், அவருக்குப் பின் வாளெடுத்த ஹுஸ்ஸியர்கள், பிறகு வந்த மொழி மறுமலர்ச்சி, இன்றைய மக்களாட்சி, எல்லாம் மனிதநேயம் என்ற ஒரே சரடில் கோத்தவை என்பது அவர் பார்வை. கேட்க இனிமையானது. புதிதாகப் பிறந்த குடியரசுக்கு மிகவும் பயன்பட்டதும்கூட.

பெகார்ஷ் மறுத்தார். பதினைந்தாம் நூற்றாண்டு மனிதன் அந்த நூற்றாண்டின் மனிதன்தான். அவன் நம்பியதை நம் நம்பிக்கையாக மாற்றிப் படிக்கக் கூடாது என்றார். சரடு எங்கே, சான்று காட்டுங்கள் என்று கேட்டார். மசாரிக் நாட்டின் தலைவராக வீற்றிருந்த காலத்திலும் அவர் குரல் தாழவில்லை. 1927 முதல் 1933 வரை நான்கு தொகுதிகளாக, ஹுஸ்ஸியப் படைத்தலைவன் யான் ஜிஷ்காவைப் பற்றி எழுதினார். ஒற்றைக்கண் மாவீரன் என்று ஒவ்வொரு பிள்ளையும் பாடம் படித்த ஜிஷ்காவைச் சுற்றி எரிந்த ஊர்களையும் கொள்ளைபோன மடங்களையும் அதில் நிறுத்தினார். ஊர் கொதித்தது.

பெகார்ஷ் சொன்னது எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். பழைய பிரபுக்குலத்தின் மீதும் நிலவுடைமை ஒழுங்கின் மீதும் அவருக்கு இருந்த பரிவு சில இடங்களில் கண்ணை மறைக்கிறது. ஆனால் ஹன்காவின் சுவடிக்கு மசாரிக் வைத்த அதே உரைகல்லை மசாரிக்கின் தத்துவத்துக்கும் வைத்தார் பாருங்கள், அதை நான் மதிக்கிறேன். 1937 ஜனவரியில் அவர் காலமானார். அடுத்து வந்ததை அவர் பார்க்கவில்லை.

1939 மார்ச்சில் நாஜிப் படைகள் பிராகுக்குள் வந்தன. நவம்பர் 17 அன்று செக் உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்தையும் மூடினார்கள். ஆயிரத்து இருநூறு மாணவர்கள் வரை சாக்சன்ஹவுசன் முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றார்கள். அந்த ஒன்பது பேரில் ஒருவர் யோசெஃப் மத்தோஷெக். மாணவத் தலைவர்களோடு சேர்த்துக் கொல்லப்பட்ட அவர் வரலாற்று ஆசிரியர், பெகார்ஷின் மாணவர். வயது முப்பத்து மூன்று. பெகார்ஷின் இன்னொரு மாணவரான ஸ்தெனெக் கலிஸ்தாவுக்குப் போருக்குப் பிந்தைய கம்யூனிஸ்ட் அரசிடமிருந்து அடி விழுந்தது. செக் மக்கள் 'இருட்டு' என்று ஒதுக்கிய பரோக் காலத்தை, அதாவது பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளை, அன்போடு ஆராய்ந்தவர் அவர். 1951இல் கைதாகிப் பதினைந்து ஆண்டுத் தண்டனை பெற்றார், 1960இல் வெளியே வந்தார். கடைசிக் காலத்தில் பார்வை போன பிறகும் வேலையை நிறுத்தவில்லை.

1968க்கு வருவோம். கட்டுப்பாடுகளைத் தளர்த்திச் சீர்திருத்தம் செய்யத் தொடங்கியிருந்த நாட்டை அடக்க, ஆகஸ்ட் 21 அன்று சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தன. அறிவியல் கழகத்தின் வரலாற்று நிறுவனத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? தெருவில் கிடந்த துண்டறிக்கைகளைப் பொறுக்கினார்கள். வானொலி அறிவிப்புகளையும் நாளிதழ்ச் சிறப்புப் பதிப்புகளையும் திரட்டினார்கள். விலெம் ப்ரெச்சானும் மிலான் ஒத்தாஹலும் முன்னின்று, படையெடுப்பின் முதல் ஏழு நாட்களின் ஆவணங்களைப் பெரிய தொகுப்பாக அந்த ஆண்டே கொண்டுவந்தார்கள். 'உதவி கேட்டார்கள், அதனால் வந்தோம்' என்று சோவியத் தரப்பு வெள்ளை அட்டை போட்டு ஒரு நூல் பரப்பிக்கொண்டிருந்தது. அதனால் இதற்கு மக்களிடையே 'கறுப்பு நூல்' என்று பெயர் வந்தது. ஓர் எதிர்ப்பு வாசகம்கூட எழுதத் தேவைப்படவில்லை. நடந்ததை நாள்வாரியாக அடுக்கினார்கள், அவ்வளவே. அதற்காக இருவர் மீதும் வழக்கு வந்தது, வேலை போனது.

அடுத்த சில ஆண்டுகளில் நடந்த களையெடுப்பில்தான் அந்த 145 பேர். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவர்களில் பலர் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களாக இருந்தவர்கள். 1950களில் பெகார்ஷின் பெயரையே பாடநூலிலிருந்து துடைத்த தலைமுறை அது. அவர்களைத் தூய தியாகிகளாகப் பார்ப்பது அவர்கள் தொழிலுக்கே நாம் செய்யும் அவமதிப்பு. அவர்களின் பெருமை, வேலை போன பிறகு அவர்கள் எதை எழுதினார்கள் என்பதில் இருக்கிறது.

ஃப்ரான்டிஷெக் ஷ்மஹெல் 1970களின் நடுவில் பிராகில் டிராம் ஓட்டினார். ஹுஸ்ஸியக் காலத்தைப் பற்றி உலகில் அன்றைக்கு மிக அதிகம் அறிந்தவர்களுள் ஒருவர், சீருடை போட்டு மணி அடித்து டிராம் ஓட்டினார். அந்த ஆண்டுகளில் மனத்திலும் தாளிலும் வளர்ந்ததுதான் 1993இல் நான்கு தொகுதிகளாக வந்த அவருடைய ஹுஸ்ஸியப் புரட்சி வரலாறு. தேசியவாதிகள் விரும்பிய வீரகாவியமும் கட்சி விரும்பிய வர்க்கப் போரும் அதில் இல்லை. பெகார்ஷை அவர் வரிக்கு வரி படித்து, ஏற்க வேண்டியதை ஏற்று, மறுக்க வேண்டியதை மறுத்திருக்கிறார்.

யான் கிர்ஷென் நீர்வள நிறுவனம் ஒன்றில் தொழிலாளியாக இருந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் செக்கரும் ஜெர்மானியரும். இதன் கனத்தை விளக்க வேண்டும். போர் முடிந்ததும் 1945 முதல் 1947க்குள் ஏறத்தாழ முப்பது லட்சம் ஜெர்மானியர்கள் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். பல தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள். நாஜிகள் செய்ததற்கு இது நியாயமான தண்டனை என்பதில் கம்யூனிஸ்டுகளும் அவர்களின் எதிரிகளும் ஒரே குரல். யாரும் வாய் திறக்காத பொருள். 1978இல் ஸ்லோவாக்கிய வரலாற்றாளர் யான் மிளினாரிக் 'தனூபியஸ்' என்ற புனைபெயரில், நாம் செய்ததும் குற்றமே என்று எழுதினார். பாரிஸில் வந்த புலம்பெயர் இதழில் அது அச்சாயிற்று. அரசு கொதித்ததில் வியப்பில்லை. தடைசெய்யப்பட்டவர்களே இரண்டுபட்டார்கள். எங்கள் பெற்றோரைக் கொன்றவர்களுக்காக அழச் சொல்கிறாயா என்று சிலர் கேட்டார்கள். மிளினாரிக் 1981இல் கைதானார். ஓராண்டுக்கு மேல் உள்ளே இருந்துவிட்டு, பிறகு நாட்டைவிட்டே போனார்.

அச்சிட வழி இல்லாததால், நாட்டுக்குள் அந்த விவாதம் தட்டச்சுத் தாளில் நடந்தது. கார்பன் தாள் வைத்து ஒரே தட்டலில் பத்துப் பன்னிரண்டு படிகள். கடைசிப் படியில் எழுத்து நிழல்போலத்தான் தெரியும். 1978 முதல் இப்படியே ஒரு வரலாற்று இதழ்கூடத் தொடர்ந்து வந்தது. கிர்ஷென் பத்தாண்டுக்கு மேல் உழைத்து எழுதிய செக்–ஜெர்மானிய உறவு வரலாறு 1989இல் டொரண்டோவில் புலம்பெயர் பதிப்பகத்திலும், அடுத்த ஆண்டு பிராகிலும் வெளிவந்தது. மேற்கு ஜெர்மனிக்கு 1976இல் போய்விட்ட ப்ரெச்சான் இப்படிப்பட்ட தாள்களைத் தூதரக அலுவலர் ஒருவர் துணையோடு வெளியே எடுத்துவரச் செய்து, ஷைன்ஃபெல்ட் என்ற ஊரின் கோட்டையில் சேர்த்து வைத்தார்.

1984இல், மனித உரிமைகளை மதிக்கும்படி அரசைக் கேட்டு 1977இல் எழுந்த சாசனம் 77 இயக்கம் 'வரலாற்றுக்கான உரிமை' என்று ஓர் அறிக்கை விட்டது. ஆவணக்காப்பகங்களைத் திற, வரலாற்றை வரலாற்றாளரிடம் விடு என்று அரசைக் கேட்ட அறிக்கை. அதோடு நிற்காமல், செக் வரலாற்றியலே சமயத்தையும் இடைக்காலத்தையும் மறந்துவிட்டது என்றும் குற்றம் சாட்டியது. ஏற்கெனவே பதவியிழந்த வரலாற்றாளர்கள் கடுமையாக எதிர்த்து எழுதினார்கள். எனக்கு அந்த அறிக்கையைவிட அதன்மேல் நடந்த சண்டைதான் பிடித்தது. காவல்துறை வாசலில் நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் பதினான்காம் நூற்றாண்டைப் பற்றி ஒருவரோடொருவர் வாதாடுகிறார்கள்.

இந்தத் துணிவுக்கு ஒரு சிந்தனை வடிவம் கொடுத்தவர் தத்துவாசிரியர் யான் பதொச்கா. பேராசிரியர் பதவியிலிருந்து இருமுறை வெளியேற்றப்பட்டவர். வீடுகளில் பாடம் நடத்தினார். 1975இல் தட்டச்சுப் படியாக உலவிய அவருடைய வரலாற்றுத் தத்துவக் கட்டுரைகளில் சொல்கிறார்: மனிதன் வழிவழியாகக் கையில் பெற்ற பொருள் ஆட்டம் காணும்போதுதான் வரலாறு தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் விடை தயாராக இருக்கும் வரை அவன் வாழ்கிறான். விடை உடைந்தபின் கேள்வியோடு நிற்கத் துணிந்தால் வரலாற்றுக்குள் வருகிறான். அப்படி உலுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கி நிற்கும் ஒருமையே நம்பத் தக்கது என்றார். 1977இல் சாசனத்தின் முதல் மூன்று பேச்சாளர்களில் அவரும் ஒருவர். அறுபத்தொன்பது வயதில், நீண்ட காவல் விசாரணைகளுக்குப் பின் மருத்துவமனையில் சேர்ந்து, மார்ச் 13 அன்று இறந்தார். ப்ரெவ்னோவ் கல்லறையில் அடக்கம் நடந்தபோது தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சுற்றியது. பக்கத்து மைதானத்தில் மோட்டார் சைக்கிள்களை உறுமவிட்டார்கள், குருவானவரின் குரல் யாருக்கும் கேட்கக் கூடாது என்று. மாணவர்கள் அவருடைய கையெழுத்துப் படிகளை ஒளித்து வைத்து, தட்டச்சுத் தொகுதிகளாக்கி, படிகளை வியன்னாவுக்குச் சேர்ப்பித்தார்கள். இன்று உலகம் படிக்கும் பதொச்கா அப்படிக் காப்பாற்றப்பட்டவர்.

கடைசியாக, நமக்கு உறவான ஒருவர். கமில் சுவெலபில் 1927இல் பிராகில் பிறந்தவர். பிராகின் கீழைத்தேய ஆய்வு நிறுவனத்தில் தமிழ் ஆராய்ந்தார். 1968 படையெடுப்புக்குப் பின் குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறி, பின்னர் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 2009இல் பிரான்சில் காலமானார். சங்கப் பாடல்களைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் இருக்கும் காதலை யாரும் ஐயுற முடியாது. ஆனால் திருக்குறளின் காலம் ஏறத்தாழ கி.பி. 450–500 என்றார். நாம் வள்ளுவர் ஆண்டை கி.மு. 31இலிருந்து எண்ணுகிறோம். நம் ஊரில் சிலருக்கு அது வலித்தது, இன்னும் வலிக்கிறது. கெபாவரும் கோலும் விட்டுச்சென்ற கல்விமரபில் படித்தவர் வேறு எப்படிச் செய்திருப்பார்? மொழிவடிவத்தையும் சொல்லாட்சியையும் பிற நூல்களோடு உள்ள தொடர்பையும் வைத்துக் கணித்தார். அவர் கணிப்பை மறுக்க விரும்புபவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அவர் வைத்த சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுங்கள்; அவருக்கு அது பிடித்திருக்கும். பேரிலக்கியத்தோடு அவர் நிற்கவில்லை. நீலகிரி இருளர்களின் பேச்சை நேரில் கேட்டு, அதன் ஒலியையும் இலக்கணத்தையும் 1973 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். குறளின் காலத்தைப் பற்றி வாதாடும் நம்மில் எத்தனை பேர் அந்த இருளர் மொழி நூலைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

பேசிக்கொண்டே போகலாம். கேள்விகளுக்கு நேரம் வேண்டும் என்பதால் இங்கே நிறுத்துகிறேன். நன்றி, வணக்கம்.