மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு: ஹருக்குத் தீவில் ஒரு கிராமம்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நிலம் யாருடையது என்று நம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கேட்டால், பட்டாவைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். இந்தோனேசியாவின் கிழக்கே, மலுக்கு மாகாணத்தில் இருக்கும் ஹருக்குத் தீவில் இதே கேள்வியைக் கேட்டால் பதிலுக்கு நாலு கேள்வி வரும். மண்ணைக் கேட்கிறீர்களா, அதன்மேல் நிற்கும் மரத்தைக் கேட்கிறீர்களா? மரம் என்றால் கிராம்பா, சேகோவா? ஆறும் கடலும் இதில் சேர்த்தியா? சேர்த்தி என்றால் எந்த மாதத்துக்குக் கேட்கிறீர்கள்?

அந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கைமுறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் போகும் வழி. ஜகார்த்தாவிலிருந்து அம்போன் நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அங்கிருந்து சாலை வழியாக அம்போன் தீவின் கிழக்குக் கரையில் உள்ள துலேஹு துறைக்கு வந்துசேர வேண்டும். ஹருக்கு, சாபருவா, சேராம் என்று எதிரே தெரியும் தீவுகளுக்கெல்லாம் அதுதான் வாசல். இஞ்சின் பூட்டிய சிறு படகுகள் கரையோரம் ஆடிக்கொண்டு நிற்கும். அவற்றுக்கு நேர அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். அரிசி மூட்டை, சிமென்ட், முட்டை அட்டை, பள்ளிச் சீருடையில் பிள்ளைகள், மடியில் பையோடு பாட்டிமார் என்று எல்லாம் ஏறிய பிறகு தார்ப்பாயை இழுத்துவிட்டுக் கிளம்புவார்கள். கடல் அமைதியாக இருந்தால் அரைமணி நேரத்துக்குள் ஹருக்குக் கரை வந்துவிடும்.

ஆனால் அமைதியாக இருக்கவேண்டுமே. இந்தோனேசியாவின் பெரும்பகுதியில் ஜூன், ஜூலை வெயில் காலம். அம்போன் வட்டாரத்தில் அப்போதுதான் அடைமழை. கீழைக் காற்றில் கடல் பொங்கி நிற்கும். அந்த மாதங்களில் அவசர நோயாளியைக் கரைசேர்ப்பதென்றால் குடும்பத்தின் பதைபதைப்பைச் சொல்லி முடியாது. சுற்றுலாக் கையேடுகள் காட்டும் நீலக் கடலை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் இதையும் மனத்தில் வைக்க வேண்டும். அந்தக் கடல்தான் அங்குள்ளவர்களுக்குச் சந்தைக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் ரோடு.

தீவின் பரப்பு சுமார் 150 சதுர கிலோமீட்டர். பழைய ஊர்கள் பதினொன்று. சில முஸ்லிம் ஊர்கள், சில கிறிஸ்தவ ஊர்கள். ஊரை நெகெரி என்கிறார்கள். ஊர்த்தலைவருக்கு ராஜா என்று பெயர். அரண்மனையும் யானையும் உள்ள ராஜா இல்லை. தானும் தோட்டத்துக்குப் போய் உழைக்கும் மனிதர். ஊருக்குள் சோவா எனப்படும் குலப்பிரிவுகள் உண்டு. தீவின் பெயரையே கொண்ட ஹருக்கு கிராமத்தில் ஐந்து சோவாக்கள். காட்டையும் கடலையும் காவல் காக்க ஊரே நியமிக்கும் ஒரு குழு இருக்கிறது, அதற்குக் கெவாங் என்று பெயர்.

சாப்பாட்டில் சேகோவுக்கு முதலிடம். நாம் பாயசத்தில் போடும் ஜவ்வரிசி சேலம் பக்கத்து மரவள்ளியிலிருந்து வருகிறது; அங்கே சேகோ என்பது பனைச் சாதியைச் சேர்ந்த மரம். முற்றிய மரத்தை வெட்டிப் பிளந்து, நடுத்தண்டின் சோற்றைத் துருவி, தண்ணீர் விட்டுப் பிசைந்து அலசினால் மாவு அடியில் தங்கும். ஒரு மரம் ஒரு குடும்பத்துக்குச் சில மாதங்களுக்குச் சோறு போடும். அந்த மாவில் கொதிநீரை ஊற்றிக் கிளறினால் கண்ணாடிபோல் துலங்கும் கூழ் வரும், அதுதான் பப்பேடா. இரண்டு மூங்கில் குச்சிகளில் சுழற்றிச் சுருட்டித் தட்டில் இட்டு, மஞ்சள் போட்ட மீன் குழம்பை மேலே ஊற்றுவார்கள். மெல்ல வேண்டியதே இல்லை, அப்படியே உறிஞ்சி விழுங்க வேண்டும். இதைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த ஊர்களிலும் இன்று அரிசிச் சோறு கௌரவமாகிவிட்டது. படகில் வரும் அரிசியை நம்பி, கொல்லையில் நிற்கும் சேகோவை மறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடல் ஒரு வாரம் கொந்தளித்தால் அந்த மரம்தான் கைகொடுக்கும்.

கையில் காசு புரளக் கிராம்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பதினேழாம் நூற்றாண்டில் மற்றத் தீவுகளின் கிராம்பு மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, அம்போன், ஹருக்கு, சாபருவா, நுசலாவுத் தீவுகளில் மட்டும் பயிரிடச் செய்தது. விலையைத் தன் பிடியில் வைத்துக்கொள்ளத்தான். சுதந்திர நாட்டிலும் அந்தக் கதை ஓயவில்லை. 1990களில் சுஹார்த்தோ ஆட்சியில் கிராம்பு வாணிபம் அவருடைய மகனின் ஏகபோகமானது. கிடைத்த விலை பறிகூலிக்கே காணாது என்று விவசாயிகள் மரத்திலேயே விட்டுவிட்டார்கள். 1998இல் சுஹார்த்தோ வீழ்ந்த பிறகுதான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. இன்றும் இந்தோனேசியக் கிராம்பில் பெரும்பங்கு சமையலுக்குப் போவதில்லை. கிரேத்தேக் என்னும் கிராம்புச் சிகரெட்டுக்குப் போகிறது.

இனி சாசி. பருவம் பார்த்து ஒரு விளைச்சலைப் பூட்டி வைப்பதும், பருவம் வந்ததும் திறந்துவிடுவதும்தான் சாசி. பூட்டு என்பது குருத்தோலை கட்டிய ஒரு கம்பு, அவ்வளவுதான். அந்தக் கம்பு நட்ட இடத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

ஹருக்கு கிராமத்தில் லெயாரிசா காயெலி என்றோர் ஆறு ஓடுகிறது. லோம்பா என்ற சிறு மீன், நெத்திலிக்குச் சொந்தம், இந்த ஆற்றில் விசித்திரமாக நடந்துகொள்ளும். இரவெல்லாம் கடலில் இரைதேடும். விடிவதற்கு முன் கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறி வந்து பகல் முழுக்க இளைப்பாறும். அந்தி சாய்ந்ததும் மறுபடி கடலுக்கு. இந்த ஆற்றில் முன்பு வாழ்ந்த முதலை ஒன்று, சேராம் தீவில் ஒரு பெரும்பாம்போடு சண்டையிட்டு வென்றபோது பரிசாகக் கிடைத்த மீன் இது என்று ஊரார் கதை சொல்வார்கள்.

ஏப்ரல், மே வாக்கில் குஞ்சுகள் கண்ணில் பட்டதும் கெவாங் ஆற்று முகத்துவாரத்தில் கம்பு நட்டு ஆற்றைப் பூட்டிவிடும். அதன்பிறகு ஆற்றில் மீன் பிடிக்கக்கூடாது. அங்கே சட்டிபானை கழுவக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது. மோட்டார் படகு உள்ளே வந்தால் இஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பு போட வேண்டும். தவறு செய்த பெரியவர்களுக்கு அபராதம். சிறுவன் தப்பு செய்தால் பிரம்பால் ஐந்து அடி: சோவாவுக்கு ஒன்று. ஊரின் ஐந்து குலங்களும் ஒப்படைத்த பொறுப்பு உன் முதுகில் இருக்கிறது என்று அவனுக்கு உணர்த்தும் கணக்கு அது. குழந்தையை அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஐந்து என்ற அந்த எண்ணிக்கையில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பாருங்கள்.

ஐந்து முதல் ஏழு மாதம் போனால் மீன் பருத்துவிடும். நாள் குறித்த இரவில், விடியலுக்கு முன்பே திஃபா என்னும் தோல்கொட்டு அதிரும். ஓலைப் பந்தம் கொளுத்தி முகத்துவாரத்தில் வெளிச்சம் காட்டுவார்கள். மீன் கூட்டம் வெளிச்சத்தை நாடி ஆற்றுக்குள் புகும். நீர் வற்றத் தொடங்கும் வேளையில் வாயை வலை கட்டி மூடிவிட்டால், விடிந்ததும் ஊர் முழுக்க ஆற்றில்தான். பக்கத்து ஊர்க்காரர்களும் கூடையும் வலையுமாக வந்து இறங்குவார்கள். ஒரே நாளில் டன் கணக்கில் மீன். தின்றது போக மீதியை உப்பிட்டுக் காயவைத்தால் பல நாளுக்கு வரும். இந்தக் காவலுக்காக இந்தோனேசிய அரசு 1985இல் ஹருக்குக் கெவாங்குக்குக் கல்பதாரு என்ற சுற்றுச்சூழல் விருதை வழங்கியது. அதன் தலைவராகப் பல்லாண்டு உழைத்த எலிசா கிஸ்ஸியாவின் பெயர் இன்று மலுக்குக்கு வெளியேயும் தெரியும்.

இதே தீவில் கைலோலோ என்ற முஸ்லிம் ஊர் இருக்கிறது. மெகபோட் என்ற மண்மூடிப் பறவை இரவில் வந்து அந்தக் கடற்கரை மணலைத் தோண்டி முட்டையிட்டுப் புதைத்துவிட்டுப் போய்விடும். மணலின் சூடே அடைகாக்கும். வெளிவரும் குஞ்சு தாயைத் தேடாமல் தானே பறக்கும். அந்த முட்டைகளை எடுக்கும் உரிமையை ஊர் ஆண்டுதோறும் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் தவிர வேறு யாரும் தொடமுடியாது. கரை தனியொருவருக்குச் சொந்தமில்லை. அதன் ஓர் ஆண்டு விளைச்சல் மட்டும் ஒருவருக்குச் சொந்தம்.

நிலத்துக்கு வருவோம். ஊரின் எல்லைக்குள் உள்ள காடும் கரைக்கடலும் சேர்ந்து பெத்துவானன், ஊர்ப்பொதுச் சொத்து. அதற்குள் குடும்பங்களுக்குரிய பங்கு தாதி எனப்படும். தாதி நிலத்தைத் தனியொருவர் விற்க முடியாது. மூத்தவர் ஒருவர் பொறுப்பாளராக இருப்பார். பங்காளிகள் அனைவருக்கும் அனுபவ பாத்தியம் உண்டு. வாரிசே இல்லாமல் ஒரு குடும்பம் அற்றுப்போனால் நிலம் ஊரிடமே திரும்பிவிடும். மரம் தனிக்கணக்கு. தாத்தா நட்ட கிராம்பு பேரன்களுக்கு, அது நிற்கும் மண் யாருடையதாக இருந்தாலும். அதனால்தான் தங்கள் நிலத்தில் அடுத்தவர் மரவள்ளியோ காய்கறியோ போட்டுக்கொள்ளத் தாராளமாகச் சம்மதம் தருவார்கள். நீண்டகால மரம் நடமட்டும் யோசிப்பார்கள். மரம் வேர்விட்டால் உரிமையும் வேர்விடும்.

இதில் எனக்கு உறுத்தும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். தாதி ஆண்வழியில் இறங்குகிறது. கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டு நிலத்தில் பொதுவாகப் பங்கில்லை. சேகோ அலசுவதும் கிராம்பு உலர்த்துவதும் அந்தப் பெண்கள்தான்.

இந்தப் பின்னலைத்தான் அரசு ஒரு தாளில் அடக்கப் பார்க்கிறது. 1960ஆம் ஆண்டு நிலச் சட்டம் ஊர்ச் சமூகத்தின் பொது உரிமையை ஏற்கிறது. ஆனால் முழு உடைமை என்று அது சொல்லும் ஹக் மிலிக் உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கே. அண்மை ஆண்டுகளில் நாடெங்கும் நில அளவை விரைவாக நடக்கிறது, சான்றிதழ்கள் கையில் வருகின்றன. சான்றிதழில் ஒரு பெயர் ஏறினால், அந்த நிலத்தில் கிராம்பு வைத்திருக்கும் சித்தப்பா மகன் எங்கே போவான்? வில்லங்கம் அங்கேதான் பிறக்கிறது.

இன்னொரு கூட்டமும் இதில் சிக்கியிருக்கிறது. 1951இல் டச்சுப் படையில் பணியாற்றிய மலுக்குச் சிப்பாய்களும் குடும்பங்களுமாகச் சுமார் 12,500 பேர் நெதர்லாந்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சில மாதத்தில் திரும்பலாம் என்று நம்பிப் போனவர்கள், திரும்பவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று டச்சுக் குடிமக்கள். சட்டப்படி வெளிநாட்டவருக்கு முழு உடைமை நிலம் வாரிசாக வந்தால் ஓராண்டுக்குள் கைமாற்றிவிட வேண்டும். ஊர் வழக்கமோ, அந்தப் பேரனைத் தாதியின் பிள்ளையாகவே பார்க்கிறது. இரண்டில் எது நியாயம் என்று என்னைக் கேட்டால், ஊர் வழக்கத்தின் பக்கம்தான் நிற்பேன்.

உள்ளூர்க்காரர் பெயரில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆசைகாட்டும் தரகர்கள் இந்தோனேசியத் தீவுகள் பலவற்றில் உண்டு. வெளிநாட்டவருக்கு நிலம் சேர்க்கும் நோக்கில் செய்யும் அந்த பினாமி ஏற்பாடு சட்டப்படி செல்லாது. நேயர்கள் யாரும் அதில் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். குத்தகைக்கோ வாடகைக்கோ இருப்பதுதான் நேர்வழி.

எல்லை விவகாரம் அங்கே உயிரையே காவு வாங்கியிருக்கிறது. 1999 முதல் 2002 வரை மலுக்குவைச் சுட்டெரித்த மதக்கலவரத்தில் ஹருக்குத் தீவின் கரியு ஊர் மக்கள் வீடிழந்து வெளியேறினார்கள். 2022 ஜனவரியில் அண்டை ஊரோடு எழுந்த நில எல்லைத் தகராறில் மறுபடியும் வீடுகள் எரிந்தன, மறுபடியும் அதே மக்கள் அகதியானார்கள். வழிவழியாக வாய்மொழியில் நிற்கும் எல்லைக்கு ஊர்கள் இரண்டும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வரைபடம் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். 2021இல் வந்த அரசு விதி, பொது உரிமை நிலத்தை ஊர்ச் சமூகத்தின் பெயரிலேயே பதிவுசெய்ய வழி திறந்திருக்கிறது. தனித்தனிச் சான்றிதழ்களுக்கு ஓடுவதைவிட, இந்த வழியில் பெண்களையும் உட்காரவைத்துப் பேசிப் பதிவது மேல்.

போக நினைக்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். படகிலிருந்து இறங்கியதும் நேரே ராஜாவின் வீட்டுக்குப் போய், யார், எதற்கு வந்தோம், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். பணத்தை ரொக்கமாக எடுத்துப் போங்கள். ஞாயிறு காலை கிறிஸ்தவ ஊர்களிலும், வெள்ளி மதியம் முஸ்லிம் ஊர்களிலும் படகு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். குருத்தோலை கட்டிய கம்பைக் கண்டால் அந்தத் தோப்பிலோ ஆற்றிலோ கால் வைக்குமுன் கெவாங்கைக் கேளுங்கள். லோம்பா மீன் திறப்புக்கு நிலையான தேதி இல்லை. மீன் வளர்ந்ததைப் பார்த்து ஊர் முடிவுசெய்யும். மழை ஓய்ந்த பிறகு, ஆண்டின் கடைசி மாதங்களை ஒட்டிப் பயணத்தை வைத்துக்கொண்டு, அம்போன் வந்து விசாரித்துவிட்டுப் படகேறுங்கள்.

நன்றி. வணக்கம்.