லாவோஸின் கல் தாழிகள்

வணக்கம் நேயர்களே. பழங்காலக் கல் அமைப்புகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பிரமிடு எல்லாருக்கும் தெரிந்ததுதானே, அதனால் நான் லாவோஸ் நாட்டை எடுத்துக்கொண்டேன். அந்த நாட்டின் வடக்கே ஷியெங்குவாங் என்று ஒரு மேட்டுநிலம் இருக்கிறது. அங்கே புல்வெளியிலும் குன்றுச் சரிவிலும், ஒரே பாறையைக் குடைந்து செய்த தாழிகள் நின்றும் சாய்ந்தும் உடைந்தும் கிடக்கின்றன. மொத்தம் 2,100க்கும் மேல். பெரும்பாலும் மணற்கல், சில 3 மீட்டர் உயரம் வரை போகும், அதற்குள் ஒரு ஆள் இறங்கி நின்றால் வெளியே தெரியமாட்டார்.

யார் செய்தார்கள்? எழுதிவைத்த ஒரு வரிகூட இல்லை. ஊர் மக்கள் சொல்லும் கதையில் குன் சியுங் என்ற அரசன் வருகிறான், பெரிய போரில் ஜெயித்துவிட்டு, படைக்கெல்லாம் அரிசி மது காய்ச்சி வைக்க இந்தத் தாழிகளைச் செய்யச் சொன்னானாம். கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1930களில் மதலேன் கொலானி என்ற பிரெஞ்சு ஆய்வாளர், அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி, அந்த மலைக்காட்டுக்குள் போய்த் தாழிகளைச் சுற்றித் தோண்டினார். கிடைத்தது எரிந்த எலும்பு, கண்ணாடி மணி, இரும்பு, வெண்கலம். பக்கத்தில் ஒரு குகை, அதன் கூரையில் புகை போவதுபோல் துளைகள். இது ஈமத்தலம் என்று அவர் சொன்னார், இன்றுவரை அந்தக் கருத்து நிற்கிறது. ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழியை அறிந்த நமக்கு இது புரியாத விஷயமில்லை. அதற்காக இரண்டுக்கும் உறவு கட்டிவிட வேண்டாம், அதற்கு எந்தச் சான்றும் கிடையாது. சாயல் தேட வேண்டுமென்றால் நம் நாட்டிலேயே அசாமின் டிமா ஹசாவ் மலையில் இருக்கிறது, அங்கேயும் இதேபோல் கல் தாழிகள் உண்டு, 1929லேயே ஆங்கிலேய அதிகாரிகள் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, எப்போது செய்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கல்லுக்கு வயது பார்த்தால் அது பாறை உருவான காலத்தைத்தான் சொல்லும், மனிதன் அதைக் குடைந்த காலத்தைச் சொல்லாது. அதனால் தாழியின் அடியில் அகப்பட்டுக் கிடக்கும் மண்ணை எடுத்தார்கள். அந்த மண்ணின் படிகத் துகள்கள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தன என்று கணக்கிட ஒரு முறை இருக்கிறது. தாழியை அங்கே கொண்டுவந்து வைத்த அன்றோடு அந்தத் துகளுக்கு வெளிச்சம் நின்றுபோகிறது இல்லையா? 2021இல் லாவோஸ், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்குப்படி ஓர் இடத்தில் அது கி.மு. 1240க்கும் 660க்கும் இடையில். ஆனால் தாழிகளைச் சுற்றிப் புதைத்திருந்த எலும்புகளோ கி.பி. 9 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை! நடுவில் ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. அப்படியென்றால் செய்தவர்கள் வேறு, பிற்காலத்தில் இந்த இடத்தைப் புனிதமாக நினைத்துத் தம் இறந்தவர்களைக் கொண்டுவந்து புதைத்தவர்கள் வேறு என்றுகூட இருக்கலாம். அப்புறம் இன்னொன்று, இறந்தவர்களோடு களிமண்ணில் செய்த குட்டித் தாழிகளையும் வைத்திருக்கிறார்கள், பெரிய கல் தாழி மாதிரியே இருக்கிற சின்ன உருவங்கள். அதைச் செய்து வைத்த கை எவ்வளவு பிரியத்தோடு செய்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

வேற்றுக்கிரகத்தார் செய்தது என்று இதையும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். தாழிகள் கிடக்கும் இடங்களுக்கு ஆய்வாளர்கள் எண் கொடுத்திருக்கிறார்கள், அதில் முதலாம் தலத்தின் தாழிகளுக்குக் கல் சுமார் 8 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு மலையிலிருந்து வந்தது என்று பாறையின் தாதுக்களை ஒப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அந்த மலையில் பாதி செதுக்கிய தாழிகள் இன்னும் கிடக்கின்றன. டன் கணக்கில் எடையுள்ள கல்லை அவ்வளவு தூரம் இழுத்து வந்த மனிதர்களின் உழைப்பை வேறு யாருக்கோ எழுதிவைப்பது நியாயமா?

இவ்வளவு தாழிகள் கண்ணெதிரே இருந்தும் ஏன் இன்னும் அதிகம் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பெரிய காரணம் ஒன்று பழங்காலத்தில் இல்லை, 1964 முதல் 1973 வரை விழுந்த குண்டுகளில் இருக்கிறது. வியட்நாம் போரின்போது அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன, கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் 27 கோடி. அதில் மூன்றில் ஒரு பங்கு போல வெடிக்காமல் மண்ணுக்குள் தங்கிவிட்டது. டென்னிஸ் பந்து அளவுதான் இருக்கும், குழந்தைகள் விளையாட்டுப் பொருள் என்று எடுத்துவிடுகிறார்கள். ஷியெங்குவாங் மிக அதிகமாக அடிபட்ட மாகாணங்களில் ஒன்று. தாழிகளுக்கு நடுவே குண்டு விழுந்த பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். இப்படிப்பட்ட மண்ணில் நினைத்த இடத்தில் கடப்பாரை போட முடியாது, முதலில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் கருவியோடு வந்து அங்குலம் அங்குலமாகச் சோதித்துத் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் தொல்லியலாளரின் வேலை.

2019இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 15 தலங்கள், 1,325 தாழிகள் அந்தப் பட்டியலில் உள்ளன. போன்சவான் ஊரிலிருந்து முதலாம் தலத்துக்குச் சுலபமாகப் போய்விடலாம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தரையில் வெள்ளையும் சிவப்பும் பூசிய கற்களைப் பதித்திருக்கிறார்கள், வெள்ளைப் பக்கம் ஆழம் வரை சோதித்தது, சிவப்புப் பக்கம் மேலாக மட்டும் பார்த்தது. படம் எடுக்க நல்ல கோணம் கிடைக்கிறது என்று சிவப்புப் பக்கம் தயவுசெய்து கால் வைக்காதீர்கள்.