இளம் குவார்ட்டர்பேக்குகள் ஏன் தடுமாறுகிறார்கள்?

[திரையில்: 18 என்ற எண் பொறித்த நீலச் சட்டையில் இளம் பெய்டன் மானிங்]

1998ஆம் ஆண்டு என்.எஃப்.எல். எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்துப் போட்டிகளில் அடியெடுத்து வைத்த குவார்ட்டர்பேக் பெய்டன் மானிங், அந்த ஒரே பருவத்தில் 28 முறை பந்தை எதிரணியின் கையில் எறிந்தார். அறிமுகப் பருவத்தில் இத்தனை இன்டர்செப்ஷன்களைக் கொடுத்தவர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவருடைய இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி 16 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றது. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்கு வந்த டிராய் எய்க்மன், தாம் களமிறங்கித் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் தோற்றார். இருவருமே, கல்லூரி வீரர்களை அணிகள் எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் தேர்வில், அந்தந்த ஆண்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பிற்காலத்தில் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் கோப்பையை ஏந்தியவர்கள்.

ஆகவே இளம் குவார்ட்டர்பேக் ஒருவர் தடுமாறும்போது அவருக்குத் திறமை போதாது என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிதுதான் என்றாலும், அது பல முறை பொய்த்துப்போன தீர்ப்பு. கல்லூரியில் கற்ற ஆட்டம் வேறு, இங்கே ஆட வேண்டிய ஆட்டம் வேறு என்பது தடுமாற்றத்துக்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அவர் போய்ச் சேரும் அணி என்பது என் கருத்து.

இந்த விளையாட்டைப் பார்த்துப் பழகாதவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பந்தை வைத்திருக்கும் அணிக்குப் பத்து கஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சியிலும் நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் தள்ள, அதை வாங்குபவர் குவார்ட்டர்பேக். அவர் அதைப் பக்கத்திலிருப்பவரிடம் கொடுத்து ஓடச் செய்யலாம், தாமே ஓடலாம், அல்லது தொலைவில் ஓடிக்கொண்டிருக்கும் சக வீரருக்கு எறியலாம். அவருக்கு முன்னால் ஐந்து பேர் அரணாக நிற்பார்கள். அந்த அரணை உடைத்து வந்து, எறிவதற்கு முன்பே அவரை வீழ்த்திவிட்டால் அதற்குப் பெயர் சாக்.

[திரையில்: 40இலிருந்து கீழிறங்கும் கடிகாரம்]

இப்போது ஒரே ஒரு முயற்சியை அருகில் நின்று பார்ப்போம். வழக்கமாக முந்தைய முயற்சி முடிந்தவுடன் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கும் சிறிய ஒலிபெருக்கி வழியாகப் பயிற்சியாளர் அடுத்த திட்டத்தைச் சொல்கிறார். அது ஒரு சொல் அல்ல, ஒரு சொற்சரம். யார் எங்கே நிற்பது, யார் முன்கூட்டியே இடம் மாறுவது, அரண் எந்த முறையில் நிற்பது, பந்தைப் பிடிப்பவர்கள் எந்தெந்தப் பாதையில் ஓடுவது என்று எல்லாம் அதில் அடங்கியிருக்கும். ரசிகர்களிடையே பிரபலமான ‘ஸ்பைடர் டூ ஒய் பனானா’ என்ற திட்டப் பெயரில் முன்பாதி அரணைக் குறிக்கிறது. பின்பாதி ‘ஒய்’ என்ற இடத்தில் நிற்பவர் வாழைப்பழம்போல் வளைந்து ஓட வேண்டும் என்கிறது. நடைமுறையில் இதற்கு முன்னும் சில சொற்கள் ஒட்டிக்கொள்ளும். காதில் ஒரு முறை விழுந்ததை, சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கும், அவர்களில் சிலர் தம்மைவிடப் பத்து வயது மூத்தவர்களாக இருக்க, பிசகில்லாமல் திருப்பிச் சொல்ல வேண்டியது அந்த இருபத்திரண்டு வயது இளைஞரின் பொறுப்பு.

கடிகாரம் 15 விநாடியைத் தொட்டதும் பயிற்சியாளரின் குரல் அறுந்துவிடும், விதி அப்படி. அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் தனி ஆள். எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் காவலர்களில் நடு லைன்பேக்கர் யார் என்று கைகாட்டி அறிவித்தால்தான் அரணில் நிற்பவர்கள் யார் யாரைத் தடுப்பது என்று கணக்குப் போட முடியும். பின்வரிசைக் காவலர்களான சேஃப்டிகள் இருவர் ஆழத்தில் நிற்கிறார்களா, ஒருவர்தானா என்று பார்க்க வேண்டும். திட்டம் இந்தக் காவலுக்குப் பொருந்தாது என்று பட்டால், ஆர்ப்பரிக்கும் கூட்டத்தின் நடுவே கத்தி மாற்ற வேண்டும். பந்து கைக்கு வந்தபின் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி.

கல்லூரி ஆட்டத்தில் இதில் பாதிச் சுமை அவர் தோளில் இருப்பதில்லை. பல கல்லூரி அணிகளில் வீரர்கள் வட்டமாகக் கூடி நிற்பதே கிடையாது. எல்லோரும் ஓரக்கோட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே பயிற்சியாளர்கள் எதிரணியின் அமைப்பைப் பார்த்துவிட்டு, படம் ஒட்டிய அட்டைகளாலும் கைச்சைகைகளாலும் திட்டத்தை அறிவிப்பார்கள். பார்த்து முடிவெடுக்கும் கண் பயிற்சியாளருடையது, எறியும் கை மட்டுமே மாணவருடையது. தலைக்கவச வானொலி என்.எஃப்.எல்லில் 1994இலேயே வந்துவிட்டது. கல்லூரிகளின் மேல்மட்டப் பிரிவில் அதை அனுமதித்தது 2024இல்தான்.

[திரையில்: இரண்டு மைதானங்கள் அருகருகே, நடுக்கோடுகள் மட்டும் ஒளிர]

விதிகளிலும் நுட்பமான வேறுபாடுகள் உண்டு. பந்து எந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்பதைக் குறிக்கும் இரண்டு கோட்டு வரிசைகளுக்கு இடையே கல்லூரி மைதானத்தில் 40 அடி இடைவெளி; என்.எஃப்.எல்லில் பதினெட்டரை அடி. கேட்கும்போது ஏதோ வரைபடக்காரரின் விவகாரம்போலத் தோன்றலாம், ஆனால் இதன் விளைவு பெரிது. கல்லூரியில் பந்து ஓர் ஓரமாகத் தொடங்கும்போது மறுபக்கம் பரந்த வெளியாகக் கிடக்கிறது. அதைக் காக்க எதிரணி முன்கூட்டியே ஆள் அனுப்பியாக வேண்டும், அப்படி அனுப்பும்போதே அதன் எண்ணம் வெளிப்பட்டுவிடும். என்.எஃப்.எல்லில் பந்து எப்போதும் ஏறக்குறைய நடுவிலேயே இருப்பதால், காவலர்கள் இருபுறமும் சமமாக நின்றுகொண்டு கடைசி நொடிவரை எதையும் காட்டாமல் இருக்க முடிகிறது.

அந்த மறைப்புத்தான் இன்றைய தற்காப்பின் உயிர். இரண்டு சேஃப்டிகள் ஆழத்தில் நிற்பார்கள். பந்து நகர்ந்த கணத்தில் ஒருவர் முன்னே பாய்வார், மற்றவர் நடுவுக்கு ஓடுவார், ஒரு கணத்துக்கு முன் இருந்த அமைப்பு இல்லாமல் போய்விடும். ஆறு பேர் பாயப் போவதுபோல் முன்வரிசையில் நின்று, நான்கு பேர் மட்டும் பாய்ந்து, இருவர் பின்வாங்கி, பந்து வரப்போகும் தடத்திலேயே நின்றுகொள்வார்கள். லெக் ஸ்பின் போலவே கையைக் காட்டி கூக்ளி போடும் பந்துவீச்சாளரை முதன்முறை எதிர்கொள்ளும் மட்டையாளரின் நிலைதான் இது: கண் சரியாகத்தான் பார்க்கிறது, பார்த்தது உண்மையில்லை.

இன்னொன்றும் உண்டு. கல்லூரியில் நல்ல அணியில் ஆடும் குவார்ட்டர்பேக், தன் ஆள் காவலரை விட்டு விலகியதைப் பார்த்த பிறகு எறியலாம். அங்கே மேல்மட்டத்தில் மட்டும் 130க்கும் மேற்பட்ட அணிகள். எதிரில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டத்தை எட்டப்போவதில்லை. என்.எஃப்.எல்லில் இருப்பவை 32 அணிகள், எல்லாக் காவலரும் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். இங்கே ஆள் விலகும்வரை காத்திருந்தால் பந்து போய்ச்சேர்வதற்குள் வாசல் மூடிவிடும். ஓடுபவர் இன்னும் திரும்பக்கூட இல்லாதபோது, அவர் திரும்பப்போகும் இடத்துக்குப் பந்தை அனுப்ப வேண்டும். இதை எழுதிப் படித்துக் கற்க முடியாது. ஒரே ஆட்களோடு ஆயிரக்கணக்கான முறை எறிந்துதான் வரும்.

[திரையில்: நியூயார்க் ஜெட்ஸ், அக்டோபர் 2019]

பார்ப்பதில் நம்பிக்கை போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 அக்டோபரில் நடந்த ஓர் ஆட்டம் நல்ல சான்று. நியூ இங்கிலாந்து பாட்ரியட்ஸ் அணிக்கு எதிராக ஆடிக்கொண்டிருந்த ஜெட்ஸ் அணியின் சாம் டார்னல்டு, அன்று எறிந்த 32 பந்துகளில் 11 மட்டுமே சேர்ந்தன. நான்கு எதிரணிக்குப் போயின. ஆட்டம் 33–0 என்று முடிந்தது. இடையில் ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது தமக்குப் பேய்கள் தெரிவதாகச் சொன்னார். சட்டையில் தொலைக்காட்சிக்காரர்கள் மைக் பொருத்தியிருந்ததால் அது நாடு முழுவதும் கேட்டது, மாதக்கணக்கில் கேலிக்குள்ளாயிற்று. ஆனால் அதைவிடத் துல்லியமான விவரிப்பை நான் கேட்டதில்லை. பாய்ச்சல் இருக்கும் இடத்தில் தெரியாமல் போவதும், இல்லாத இடத்தில் இருப்பதாகத் தெரிவதும்தான் அந்த நிலை. இரண்டு முறை அடிபட்டவர் மூன்றாவது முறை அடி வராமலேயே குனிவார்.

இனி அணிகளுக்கு வருவோம். ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்ட் தேர்வில் முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. வலிமையைச் சமப்படுத்த வந்த ஏற்பாடு இது. குறையும் சொல்ல முடியாது. ஆனால் இதன் பொருள், நாட்டின் மிகச் சிறந்த இளம் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் நாட்டின் மிக மோசமான அணிக்குப் போகிறார் என்பதே. அங்கே அரண் ஓட்டையாக இருக்கும், பந்து பிடிக்க நல்ல ஆள் இருக்கமாட்டார், பயிற்சியாளரின் வேலையும் ஊசலாடிக்கொண்டிருக்கும். 2002இல் புதிதாகத் தொடங்கப்பட்ட ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி டேவிட் காரை முதல் ஆளாக எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் 76 முறை சாக் ஆனார்; ஒரே பருவத்தில் அதிகம் என்ற அந்தக் கணக்கு இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 2023இல் கரோலைனா பாந்தர்ஸ் பிரைஸ் யங்கை எடுத்தது. அவரை வளர்க்க அமர்த்திய தலைமைப் பயிற்சியாளரைப் பதினோராவது ஆட்டத்தோடு வேலையை விட்டு நீக்கியது. அடுத்த ஆண்டு சிகாகோ பெயர்ஸ் கேலப் வில்லியம்ஸுக்கு அறிமுகப் பருவம் முடிவதற்குள், பந்து கையிலிருக்கும்போது ஆடும் திட்டங்களை வகுக்கும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும் தலைமைப் பயிற்சியாளரும் மாறிவிட்டார்கள். அவர் 68 முறை வீழ்த்தப்பட்டார். பயிற்சியாளர் மாறினால் பெரும்பாலும் அந்தச் சொற்சரங்களும் மாறும். மனப்பாடம் செய்தது வீண், மறுபடி முதல் பாடம்.

அதே ஆள், அணிச்சூழல் மட்டும் மாறினால் என்ன நடக்கும் என்பதை ஜேரட் காஃப் காட்டினார். 2016இல் ராம்ஸ் அணிக்கு முதல் ஆளாக வந்து, தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். அடுத்த ஆண்டு, முப்பது வயதேயான ஷான் மெக்வே தலைமைப் பயிற்சியாளரானார். அரணின் இடது மூலைக்கு அனுபவசாலியான ஆண்ட்ரூ விட்வொர்த் வந்தார். பந்து பிடிக்க ராபர்ட் வுட்ஸும் கூப்பர் கப்பும் வந்தார்கள். வீரர்களைச் சீக்கிரமே வரிசையில் நிறுத்திவிட்டு, அந்த 15 விநாடி வரம்பு வரும்வரை மெக்வே காஃபின் காதில் பேசிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி பெற்றுத் தந்த எறிதல்கள், அதாவது டச் டவுன், 28; இன்டர்செப்ஷன் 7; அணிக்கு 11 வெற்றி. ஓர் இளைஞரின் கை ஓராண்டில் அவ்வளவு மாறிவிடாது.

பஃபலோ பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலனும் அப்படித்தான். 2018இல் அவர் எறிந்தவற்றில் 52.8 சதவீதமே சேர்ந்தன, 2020இல் 69.2 சதவீதம். அந்த மூன்று பருவமும் தலைமைப் பயிற்சியாளரும் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரும் மாறவில்லை என்பதையும், மூன்றாம் ஆண்டில் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற முதல்தரப் பிடிப்பாளர் வந்து சேர்ந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓரத்தில் ஓராண்டு உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஆரன் ராஜர்ஸ் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் மூன்று பருவம் காத்திருந்தார், பேட்ரிக் மஹோம்ஸ் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் ஒரு பருவம் காத்திருந்துவிட்டு 2018இல் 50 டச் டவுன் எறிந்தார் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் காத்திருந்தது தேர்ந்த மூத்த குவார்ட்டர்பேக் ஒருவர் ஆடிக்கொண்டிருந்த அணிகளில். மானிங் ஒரு நாளும் காத்திருக்கவில்லை. 28 முறை தவறி, அடுத்த ஆண்டே 13 ஆட்டங்களில் அணியை வெல்லவைத்தார். தவிர, காத்திருப்பவருக்கு வாராந்தரப் பயிற்சியில் எறிய வாய்ப்பு மிகக் குறைவு. அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2011 தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பருவ நடுவே முழுக் கவசத்தோடு நடத்தும் பயிற்சிகளே 14க்கு மிகக் கூடாது.

அந்த ஒப்பந்தம்தான் பொறுமையையும் குறைத்தது. 2010இல் முதல் ஆளாக வந்த சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். 2011இல் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2.2 கோடிதான். புதுமுகம் மலிவாகிவிட்டதால், அந்த மலிவான நான்கைந்து ஆண்டுக்குள் கோப்பையைத் தொட்டுவிட வேண்டும் என்ற அவசரம் பிறந்தது. பிறகு விலை எங்கோ போய்விடும்: 2023இல் ஜோ பர்ரோவின் புதிய ஒப்பந்தம் ஆண்டுக்கு 5.5 கோடி. எனவே முதல் வாரமே இறக்கிவிடுகிறார்கள், மூன்றாம் ஆண்டே கைவிடுகிறார்கள்.

சூழலே எல்லாம் என்றும் சொல்லமாட்டேன். மானிங்குக்கு அடுத்த ஆளாகத் தேர்வான ரயன் லீஃப், எந்த அணியிலும் நிலைக்கவில்லை. 2023இல் யங்குக்கு அடுத்ததாக, அதேபோல் பின்தங்கிய அணிக்கு வந்த சி.ஜே. ஸ்ட்ரௌட், முதல் பருவத்திலேயே 23 டச் டவுன் எறிந்து ஐந்து இன்டர்செப்ஷன் மட்டுமே கொடுத்தார்.

[திரையில்: மின்னசோட்டா வைக்கிங்ஸ், 2024]

ஜெட்ஸ் கைவிட்ட டார்னல்டு கரோலைனாவிலும் நிலைக்காமல், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓராண்டு மாற்று ஆளாக இருந்துவிட்டு, 2024இல் மின்னசோட்டாவுக்கு வந்தார். அங்கே முன்னாள் குவார்ட்டர்பேக்கான கெவின் ஓ’கானல் பயிற்சியாளர். ஜஸ்டின் ஜெஃபர்சன் பிடிப்பாளர். அவ்வாண்டே டிராஃப்டில் எடுத்த ஜே.ஜே. மெக்கார்த்திக்குப் பருவம் தொடங்குமுன் முழங்காலில் காயம் பட்டதால், இடம் டார்னல்டுக்கே கிடைத்தது. 27 வயதில் அவர் 14 ஆட்டங்களில் வென்றார். பருவம் முடிந்ததும் வைக்கிங்ஸ் அவரைச் சியாட்டிலுக்குப் போகவிட்டு, 2025 பருவத்தை மெக்கார்த்தியிடம் ஒப்படைத்தது. மெக்கார்த்தி அதுவரை என்.எஃப்.எல். பருவத்தில் ஒரு பந்துகூட எறிந்திருக்கவில்லை.