நீச்சல் தெரியாது, குதிரை ஏறியதும் இல்லை: டெரெல்ஜ் ஆற்றுச் சவாரிக்குப் போகலாமா?

வணக்கம். சென்ற பதிவுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். திருப்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அப்படியே படிக்கிறேன்:

"எனக்கு வயது 54. ஜூலையில் மகளோடும் பேத்தியோடும் மங்கோலியா போகிறேன். டெரெல்ஜில் ஒரு நாள் வழிகாட்டியோடு குதிரைச் சவாரி என்று போட்டிருக்கிறார்கள். மலைச் சரிவில் ஏறி, ஆற்றைக் கடந்து திரும்ப வேண்டுமாம். கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒருமுறை ஏறியதைத் தவிர எனக்குக் குதிரைப் பழக்கம் கிடையாது. நீச்சலும் தெரியாது, முழங்கால் வலி வேறு. போகலாமா, கூடாரத்திலேயே உட்கார்ந்துவிடலாமா?"

அம்மா, போகலாம். ஆனால் ஆற்றங்கரையில் நின்று "வேண்டாம்" என்று சொல்லும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். இதற்கு விளக்கம் கொஞ்சம் நீளமாக வரும்.

முதலில் இடம். கோர்கி டெரெல்ஜ் தேசியப் பூங்கா, தலைநகர் உலான்பத்தூருக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். பாறை மலைகள், லார்ச் மரக் காடு, நடுவே பள்ளத்தாக்கில் தூல் ஆறு. இந்த ஆறு கெந்தி மலைகளில் பிறந்து, டெரெல்ஜைத் தொட்டு, உலான்பத்தூர் வழியாகப் போய் ஓர்கோன் ஆற்றில் கலக்கிறது. ஓர்கோன் செலெங்காவில், செலெங்கா கடைசியில் ருஷ்யாவின் பைக்கால் ஏரியில். நீங்கள் குதிரையில் கடக்கப்போவது பைக்காலுக்குப் போகும் தண்ணீரை. கோடையிலும் அது ஐஸ் தண்ணீர் மாதிரிதான் இருக்கும்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். லடாக் மாதிரி மூச்சு முட்டாது, நம் ஊட்டியை விடத் தாழ்வான இடம்தான். கவனிக்க வேண்டியது மாதத்தை. மங்கோலியாவில் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் ஆகஸ்ட் வரைக்குள் பெய்துவிடும். அதாவது நீங்கள் போகிற ஜூலையில்தான் ஆறு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். நேற்றுக் கணுக்கால் அளவு இருந்த துறை, இரவு மலையில் மழை பெய்தால் இன்றைக்குக் குதிரையின் வயிற்றைத் தொடும்.

இனி குதிரை. மங்கோலியாவில் மனிதர்கள் சுமார் 35 லட்சம் பேர். குதிரைகளின் எண்ணிக்கை அதற்குக் குறையாது. சினிமாவில் பார்க்கிற உயரமான பந்தயக் குதிரையை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். மங்கோலியக் குதிரையின் தோள் உயரம் ஏறக்குறைய 120 முதல் 145 சென்டிமீட்டர்தான். குட்டைக் கால், பெரிய தலை, பீப்பாய் வயிறு. குளிர்காலத்தில் மைனஸ் 30, 40 டிகிரியிலும் லாயம் இல்லாமல் வெளியிலேயே மேய்ந்து பிழைக்கிற ஜாதி அது. கல்லும் சேறும் ஆறும் அதற்குப் பிறந்த வீடு. கொடைக்கானலில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தார்ச் சாலையில் கூடவே நடந்து வந்திருப்பார். இங்கே வழிகாட்டி தன் குதிரையில் முன்னால் போவார், உங்கள் குதிரை பின்னால் போகும். புதியவர்களின் குதிரைக்கு ஒரு நீளக் கயிறு கட்டித் தன் கையில் பிடித்துக்கொள்வார். நீங்களே கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம். நான் முதல்முறை வெட்கப்பட்டேன். அந்தக் கதை கடைசியில் வருகிறது.

எடையை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேணத்தையும் சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது குதிரைக்காரர்களிடம் உள்ள பொதுக் கணக்கு. 300 கிலோ குதிரை என்றால் 60 கிலோ. நம்மில் பலர் அதற்கு மேல்தான். சொன்னால் கூட்டத்தில் திடமான குதிரையாகப் பார்த்துக் கொடுப்பார்கள். சொல்லாவிட்டால் பாவம், ஒரு குட்டைக் குதிரை மலை முழுக்க உங்களைச் சுமக்கும்.

உடை. சேலை, துப்பட்டா, தோளில் தொங்கும் பை, காற்றில் படபடக்கும் எதுவும் வேண்டாம். குதிரை வேட்டை விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த மிருகம். கண் பக்கவாட்டில் இருப்பதால் பின்னால் அசைவதும் அதற்குத் தெரியும். பிளாஸ்டிக் மழைக்கோட்டு எல்லாவற்றையும் விட மோசம். குதிரைமேல் இருந்தபடியே அதைச் சரசரவென்று மாட்டவோ கழற்றவோ செய்யாதீர்கள். மழை வரும் போலிருந்தால் நிறுத்தச் சொல்லி, இறங்கி, மாட்டிக்கொண்டு ஏறுங்கள். ஜீன்ஸின் தடித்த தையல் உள் தொடையைத் தேய்த்துவிடும். பருத்தி லெக்கிங்ஸ் போட்டு மேலே தளர்ந்த கால்சட்டை போதும். செருப்பு கூடாது. மலையேற்றத்துக்கான தடித்த பூட்ஸும் கூடாது, அங்கவடியில், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையத்தில், சிக்கிக்கொள்ளும். சிறிய குதிகால் உள்ள சாதாரண ஷூ நல்லது. தலைக்கவசம் அங்கே எல்லா முகாமிலும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். பேத்திக்கு இங்கிருந்தே அளவு பார்த்து வாங்கிக்கொண்டு போங்கள். உங்களுக்கும்தான்.

காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். குதிரைச் சவாரியைச் சாகசப் பட்டியலில் போட்டு விலக்கி வைக்கிற பாலிசிகள் உண்டு.

முழங்கால். இதுதான் உங்களுக்கு உண்மையான தொந்தரவு, ஆறு இல்லை. மங்கோலியக் குதிரைக்கு இடப்பக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். வலப்பக்கம் போனால் அது மிரளும். தரையிலிருந்து ஒரே எம்பில் ஏற முயலாமல், ஒரு பாறைமேல் நின்று ஏறுங்கள். அங்கவடியின் வாரை அரை மணிக்குள் ஒருமுறை நீளம் பார்க்கச் சொல்லுங்கள். குட்டையாக இருந்தால் முட்டி மடங்கியே இருந்து வலி உயிர் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடந்துவிடுங்கள். முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியவர்கள், எலும்புத் தேய்மானம் அதிகமானவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள், இவர்களுக்கு என் பதில் வேறு: கூடாரத்திலேயே இருந்து தேநீர் குடியுங்கள். உப்புப் போட்ட பால் தேநீர். முதல் மடக்கில் முகம் சுளிப்பீர்கள், மூன்றாவது மடக்கில் பழகிவிடும்.

இன்னொன்று, வயிற்று வார். சேணம் கட்டும்போது சில குதிரைகள் மூச்சை இழுத்து வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும். கட்டி முடித்ததும் மூச்சை விட்டுவிடும், வார் தளர்ந்துவிடும். அத்தனை சாமர்த்தியம்! நல்ல வழிகாட்டி கால் மணி நடந்தபின் நிறுத்தி, வாரின் அடியில் விரல் விட்டுப் பார்த்து இறுக்குவார். ஆற்றில் இறங்குமுன் இன்னொரு முறை பார்ப்பார். அவர் பார்க்காவிட்டால் நீங்கள் கையைக் காட்டிக் கேளுங்கள். மொழி தேவையில்லை.

கிளப்பச் சொல்லும் ஒலி "ச்சூ". நம் ஊரில் கோழியை விரட்டச் சொல்வோமே, அதே ஒலி. உங்களுக்கு ஐம்பது வருடப் பழக்கம் இருக்கும். கடிவாள வாரை ஒரே கையில் பிடிப்பது அவர்கள் வழக்கம். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள். இறக்கத்தில் நிமிர்ந்து, சற்றே பின்னால்.

இப்போது ஆறு.

"மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினாற்போல" என்று பழமொழி சொல்கிறோம். அது குதிரையே அன்று, மண் குதிர், அதாவது ஆற்று நடுவே திட்டாகத் தெரியும் மணல். அதை நம்பிக் காலை வைத்தால் உள்வாங்கும் என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. எது சரியோ, தமிழாசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும். தூல் ஆற்றங்கரையில் நின்றபோது எனக்கு இரண்டாவது பொருள்தான் சரியென்று பட்டது. குதிரையை நம்பலாம். திட்டை நம்பக் கூடாது. அதனால்தான் வழிகாட்டி முதலில் இறங்குகிறார். எங்கே தண்ணீர் அகலமாகப் பரந்து சலசலக்கிறதோ அங்கே ஆழம் குறைவு. எங்கே ஓசையில்லாமல், கரும்பச்சையாக, வழவழவென்று போகிறதோ அங்கே ஆழம். அவர் போன தடத்திலேயே போங்கள். "இந்தப் பக்கம் கிட்டத்தில் தெரிகிறதே" என்று குறுக்கு வழி பார்க்காதீர்கள்.

இறங்கியதும் உங்கள் வேலை மூன்றே. கடிவாளத்தைத் தளர விடுங்கள். குதிரை தலையைத் தாழ்த்திக் கல்லை மோந்து கால் வைக்க வேண்டும், நீங்கள் இழுத்துப் பிடித்தால் அதற்கு வழி தெரியாது. பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்கட்டும். கண் எதிர்க்கரையில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், தண்ணீரைப் பார்க்கவே கூடாது.

ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எழும்பூரில் ரயிலில் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகரும். நம் வண்டி நகர்வதாக உடம்பு நம்பிவிடும். ஆற்றிலும் அதேதான். ஓடுகிற நீரையே பார்த்தால், நீர் நிற்கிறது, நானும் குதிரையும் எதிர்த்திசையில் சறுக்கிக்கொண்டே போகிறோம் என்று மூளை முடிவு செய்துவிடும். உடனே உடம்பு அதைச் சரிக்கட்ட மறுபக்கம் சாயும். நான் சாய்ந்தேன். சேணமும் என்னோடு சேர்ந்து ஓர் அங்குலம் சரிந்தது. கயிறு வேண்டாம் என்று வீராப்பாக மறுத்திருந்தேனே, அதனால் வழிகாட்டி பத்தடி முன்னால். அவர் திரும்பிப் பார்த்து, கத்தவில்லை, இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டு, அக்கரையைக் காட்டினார். நான் தலையைத் தூக்கினேன். அந்த நொடியே ஆறு ஓட ஆரம்பித்தது, குதிரை நின்ற இடத்தில் நின்றது. பிறகுதான் தெரிந்தது, அது பாட்டுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது!

குடிக்கட்டும், தவறில்லை. ஆனால் நடு ஆற்றில் நின்று முன்னங்காலால் தண்ணீரை அடித்துத் தெறிக்கவிட்டால் மட்டும் உஷார். சில குதிரைகள் படுத்துப் புரள்வதற்கு முன்னால் அப்படிச் செய்யும். உடனே "ச்சூ", குதிகாலால் ஒரு தட்டு, முன்னால் நகர்த்துங்கள்.

பெரும்பாலோர் தடுமாறுவது கரையேறும் இடத்தில். குதிரை மேட்டை ஒரே எம்பில் தாவி ஏறும். முன்னால் குனிந்து பிடரியைப் பிடியுங்கள் என்று சொல்வார்கள். அங்கே பிடரியைத் தேடினால் கிடைக்காது. பொலிக் குதிரைக்குத்தான் பிடரியை வளரவிடுகிறார்கள். சவாரிக்கு வரும் காயடித்த குதிரைகளுக்கு ஒட்ட நறுக்கிவிடுவார்கள். ஆகவே சேணத்தின் முன்வளைவை இரண்டு கையாலும் பிடியுங்கள்.

விழுந்தால்? கடிவாளத்தை விட்டுவிடுங்கள். குதிரை தன்னைப் பார்த்துக்கொள்ளும். மல்லாந்து, கால் நீர் போகும் திசையில் இருக்க, ஆழம் குறைந்த இடம் வரும்வரை மிதந்து போங்கள். ஓட்டத்தில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் கால் மாட்டும். நீச்சல் தெரியாதவருக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்று எனக்கும் தெரியும். அதனால் உங்களுக்கு என் அளவுகோல் இது: வழிகாட்டி முதலில் கடக்கும்போது தண்ணீர் அவருடைய அங்கவடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், நீங்களும் பேத்தியும் கரையிலேயே திரும்புங்கள். கலங்கிச் சேற்று நிறமாக இருந்தாலோ, கிளை, குச்சி மிதந்து வந்தாலோ அளந்தே பார்க்க வேண்டாம். அவரே "இன்றைக்கு வேண்டாம்" என்றால் காசு கொடுத்தோமே என்று வாதாடாதீர்கள். மலைச் சரிவும் லார்ச் காடும் மட்டுமே கொடுத்த காசுக்கு மேல்.

கேள்வியின் அடியில் பேத்தி தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "என் குதிரையின் பெயர் என்ன என்று எப்படிக் கேட்பது?" பாப்பா, அங்கே பெரும்பாலும் குதிரைக்கு நாம் வைப்பது போலப் பெயர் வைப்பதில்லை, நிறத்தைச் சொல்லித்தான் குறிப்பிடுவார்கள். நிறத்துக்கே அவர்களிடம் நூற்றுக்கணக்கில் சொற்கள் இருக்கின்றன. என்னைச் சுமந்தது செம்பழுப்பு, "ஸேர்த்". கறுப்பு வந்தால் "ஹர்". உனக்கு எது வந்தது என்று திரும்பி வந்து எழுது.